பாலைவனத்தில் ஒரு கடைமடைக்காரன்

பாலைவனத்துக்குப் போவதற்கான ஒத்திகையை எங்கள் வாய்க்கால் கரையில்தான் நடத்தினேன். முதுகில் ஒரு பை, பைக்குள் நாலு லிட்டர் தண்ணீர், தலையில் அகலமான தொப்பி, காலில் ஷூ. பக்கத்திலேயே வாய்க்கால் நிறையத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அதை விட்டுவிட்டுத் தண்ணீரை முதுகில் சுமந்துகொண்டு மதகுக்கும் பாலத்துக்கும் நடுவே போய்ப் போய் வந்துகொண்டிருந்தேன். மூன்றாம் நாள் டீக்கடைக்காரர் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார்.

“என்னண்ணே, ஏதாச்சும் வேண்டுதலா?”

“பாலைவனத்துக்குப் போறேன்.”

“துபாய்க்கா?”

“அமெரிக்காவுக்கு.”

“அங்க ஏது பாலைவனம்?”

“இருக்குங்கிறேன். எம்பொண்ணு லீவு நாள்ல அதுலதான் நடக்குது.”

அவர் டீயை ஆற்றியபடியே கொஞ்சம் யோசித்தார். “நடந்தா ஏதும் குடுப்பாங்களா?” என்றார். இல்லை என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னிடம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

நான் திருத்துறைப்பூண்டிப் பக்கத்து விவசாயி. கடைமடைக்காரன். மேட்டூரில் திறக்கிற தண்ணீர் வழியில் இருக்கிற எல்லா ஊரையும் நனைத்துவிட்டுக் கடைசியாக வந்து சேருகிற இடம் எங்களுடையது. அணை திறந்தாயிற்று என்று செய்தியில் சொன்ன பிறகு எங்கள் வாய்க்காலுக்கு வரப் பதினைந்து நாள் ஆகும், சில வருடம் இருபதும் ஆகும். இன்றைக்குக் கல்லணை தாண்டியது, நாளைக்கு இன்ன இடம் என்று நாளெண்ணிக்கொண்டு இருப்போம். ஷட்டர் ஏற்றி இறக்கும் லஸ்கர் போன் பண்ணிச் சொல்லுவார். எங்களுக்குத் தண்ணீர் என்பது முன்கூட்டியே தகவல் சொல்லிவிட்டு வருகிற விருந்தாளி.

அது வரும் நாளில் நாங்கள் காய்ந்த வாய்க்காலுக்குள் இறங்கி நிற்போம். முன்னால் நுரை, நுரைக்கு முன்னால் சருகு, குச்சி, யாரோ தொலைத்த ஒற்றைச் செருப்பு, இவற்றையெல்லாம் தள்ளிக்கொண்டு சினைமாடு நடக்கிற வேகத்தில் தண்ணீர் வரும். பாதத்தைத் தொட்டதும் இரண்டு கையாலும் அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். பெண்கள் பூவும் நெல்லும் தூவுவார்கள். முதலில் அள்ளுகிறவன் நான்தான், ஏனென்றால் இருபது வருடமாக எங்கள் வாய்க்கால் பாசன சங்கத்துக்கு நான் தலைவர். தலைவர் என்றால் பெரிய பதவி ஒன்றுமில்லை. எல்லோரும் கத்தும்போது கூடுதலாகக் கத்துகிற உரிமை. அந்த உரிமையை வீட்டிலும் பயன்படுத்தி வந்தேன் என்பது என் மனைவியின் குற்றச்சாட்டு.

எங்களுக்கு ஒரே மகள். அமெரிக்காவில் பொறியாளர். அவள் இருக்கும் ஊரிலிருந்து நாலு மணி நேரக் கார்ப் பயணத்தில் ஒரு தேசியப் பூங்கா. பூங்கா என்றால் ரோஜாச் செடியும் சிமெண்டு யானையும் இல்லை. செம்பாறைப் பாலைவனம், அதை ஆறு அறுத்து உண்டாக்கிய ஆழமான பள்ளத்தாக்குகள். ஆறு வருடமாக அவள் அங்கே நடக்கிறாள். அந்தப் பள்ளத்தாக்கின் தரையில் எங்கள் இருவரையும் ஒருமுறை கூட்டிப்போய் நிறுத்த வேண்டும் என்பது அவள் ஆசை. எனக்கும் ஆசைதான், வெளியே சொல்லவில்லை.

“அக்டோபர்ல வாங்கப்பா. வெயில் தணிஞ்சிருக்கும், மழையும் முடிஞ்சிருக்கும்” என்றாள்.

“அக்டோபர்ல நான் வயல்ல இருக்கணும். நேரடி விதைப்புக்கு முன்னாடி திரும்பிடணும். ஆகஸ்ட்டுதான்.”

“ஆகஸ்ட்ல அங்க திடீர் வெள்ளம் வரும்பா.”

நான் போனிலேயே சிரித்துவிட்டேன். காவிரிக் கடைமடைக்காரனிடம் வந்து பாலைவனத்தில் வெள்ளம் என்கிறாளே என்று இருந்தது. அவள் சிரிக்கவில்லை. “சரி, ஆகஸ்ட்டே வாங்க. ஆனா ஒரு கண்டிஷன். அந்த ஒரு நாள் மட்டும் நான் சொல்றதக் கேக்கணும். எதுத்துப் பேசக் கூடாது. முடியாதுன்னா உள்ள எறங்காம, மேல கம்பி போட்ட எடத்துல நின்னு எட்டிப் பாத்துட்டு வந்துடலாம்” என்றாள். ஒரு நாள்தானே என்று ஒப்புக்கொண்டேன். பக்கத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த மனைவி தலையை நிமிர்த்தி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

மறுநாளே வாட்ஸப்பில் பட்டியல் வந்தது. ஆளுக்கு நாலு லிட்டர் தண்ணீர். உப்புள்ள தின்பண்டம். முழுக்கைச் சட்டை. தொப்பி. பழகிய ஷூ. இந்த ஷூவில்தான் முதல் தகராறு. அரை நூற்றாண்டு சேற்றில் மிதித்த கால் என்னுடையது. விரல்கள் ஐந்தும் ஐந்து திசையில் நிற்கும். திருவாரூரில் நாலு கடை ஏறி இறங்கினேன். நாலாவது கடைப் பையன் என் காலையும் ஷூவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “சார், நீங்க அளவு சொல்லாதீங்க, அகலம் சொல்லுங்க” என்றான். கடைசியில் கிடைத்த ஜோடி இரண்டு சின்னப் பரிசல் போல இருந்தது.

உப்புத் தின்பண்டத்தை மனைவி பார்த்துக்கொண்டாள். உப்பில் ஊறி வெயிலில் காய்ந்த நார்த்தங்காய், ஒரு டப்பா நிறைய. “அவ இங்கிலீஷ்ல என்னென்னமோ பவுடர் பேரு எழுதியிருக்கா. எல்லாம் இதுதான்” என்றாள். அமெரிக்கா போன பிறகு மகளும் அதை ஒப்புக்கொண்டாள். என் யோசனைகளில் ஒன்றைக்கூட அவள் அப்படி ஒப்புக்கொண்டதில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

பூங்காவுக்குப் போய்ச் சேர்ந்த அன்று மாலை, மேலே விளிம்பில் கம்பி போட்ட இடத்திலிருந்து பார்த்தோம். எனக்கு முதலில் வந்தது கோபம். கண்ணுக்கு எட்டிய தூரம் மண், அதில் ஒரு மரக்கால் நெல் விளையாது. யாருக்காக இவ்வளவு இடத்தை வீணாகப் போட்டு வைத்திருக்கிறார்கள்? அதற்குக் காவலுக்கு வேறு ஆள். ஆனால் வெயில் இறங்க இறங்கப் பாறையின் நிறம் செங்கல்லாகி, மஞ்சளாகி, பிறகு கத்தரிப்பூ நிறத்துக்குப் போனது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மனைவிதான், “இவரு இவ்வளவு நேரம் பேசாம நின்னு நான் பாத்ததே இல்ல” என்று மகளிடம் ரகசியமாகச் சொன்னாள். காதில் விழுந்தது.

மறுநாள் விடியற்காலையில் பூங்கா அலுவலகத்துக்குப் போனோம். அங்கே காவல் அதிகாரிகளை ரேஞ்சர் என்கிறார்கள். எங்களுக்கு வாய்த்தவர் ஒரு பெண். நரைத்த பின்னல், என் வயது இருக்கும். எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள், தண்ணீர் எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொண்டார். ஒரு பலகையில் அன்றைய வெள்ள வாய்ப்பை எழுதியிருந்தார்கள். ‘இருக்கலாம்’ என்று. குறுகலான பகுதிக்குள் இன்று போக வேண்டாம், அகலமான பகுதியில் மட்டும் நடந்துவிட்டு மதியத்துக்கு முன்னால் வெளியே வந்துவிடுங்கள் என்றார். பிறகு ஆளுக்கொரு தடித்த பிளாஸ்டிக் பையைக் கொடுத்தார். அது எதற்கு என்று கேட்டேன். மகள் தயங்கித் தயங்கித் தமிழில் சொன்னாள். வழியில் வயிற்றைக் கலக்கினால் அந்தப் பைக்குள் போய், முடிச்சுப் போட்டு, கையோடு திருப்பி எடுத்துக்கொண்டு வர வேண்டுமாம்.

“எருவை மூட்டை கட்டித் தூக்கிட்டு வரணுமா? மண்ணுல போட்டா மண்ணுக்கு நல்லதுதானே?”

“இந்த மண்ணு அத மக்க வைக்காதுப்பா. வருஷக்கணக்கா அப்படியே கெடக்கும். எதுத்துப் பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன்.”

அன்று முழுவதும் என் வயிறு மிகுந்த கட்டுப்பாட்டோடு நடந்துகொண்டது.

பள்ளத்தாக்கின் வாயில் நான் பழக்கதோஷத்தில் ஷூவைக் கழற்றிவிட்டேன். வயலில் செருப்போடு இறங்க மாட்டோம். இந்த மாதிரி இடத்தைப் பார்த்ததும் கால் தானாகக் கழற்றுகிறது. “முள்ளுப்பா, கல்லு கொதிக்கும்பா” என்று மகள் அலற, மறுபடி மாட்டிக்கொண்டேன். வழியோரத்தில் மண் கறுத்து, பொருக்குப் பொருக்காக இருந்தது. அதை மிதிக்கக் கூடாது, அது உயிருள்ள மண், ஒரு காலடி விழுந்தால் மறுபடி சேர எத்தனையோ வருடம் ஆகும் என்றாள். இதற்கு எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. நாற்றங்காலை மிதித்தவனை நான் ஊர் எல்லை வரை துரத்தியிருக்கிறேன். பாதையை விட்டு ஓர் அங்குலம் விலகாமல் நடந்தேன், விலகப் பார்த்த மனைவியையும் அதட்டினேன். அந்த இடத்தின் மேல் எனக்கு மரியாதை வந்தது அப்போதுதான்.

பள்ளத்தாக்கின் தரை ஒரு காய்ந்த மணல் ஓடை. இரண்டு பக்கமும் சிவப்புச் சுவர், மேலே ஒரு பட்டை நீலம். ஓரிடத்தில் எங்கள் தலைக்கு மேலே இரண்டு ஆள் உயரத்தில், பாறை இடுக்கில் ஒரு பெரிய மரக்கட்டை குறுக்கே சிக்கியிருந்தது.

“அந்தக் கட்டை எப்படி அங்க போச்சுன்னு நெனைக்கிறீங்க?” என்று மகள் கேட்டாள்.

“யாராச்சும் பரண் கட்டியிருப்பாங்க.”

“தண்ணி கொண்டாந்து வச்சுட்டுப் போச்சுப்பா.”

நான் எதிர்த்துப் பேசவில்லை. நம்பவும் இல்லை. இருபது வருடத் தலைவர் பதவி உள்ளே உட்கார்ந்துகொண்டு சிரித்தது.

பத்து மணிக்குத் திரும்பினோம். பாதி வழியில் மகள் நின்றுவிட்டாள். பின்னாலிருந்து குளிர்ந்த காற்று ஒன்று வந்தது. காய்ந்த ஊரில் ஈர மண் வாசம். அவள் ஒரு கணம் காது கொடுத்துக் கேட்டாள்.

“மேல ஏறுங்க. ரெண்டு பேரும். இப்பவே.”

பக்கத்தில் ஒரு சரிவு இருந்தது. அதில் தவழ்ந்து மூன்று ஆள் உயரத்தில் இருந்த ஒரு பாறைத் தட்டுக்கு ஏறினோம். மனைவி முணுமுணுக்காமல் ஏறினாள். நான்தான் மூச்சு வாங்கிக்கொண்டே, “வானத்துல ஒரு பொட்டு மேகம் இல்லையேம்மா” என்றேன்.

“இங்க இல்ல. எங்கயோ முப்பது மைலு தள்ளிப் பெஞ்சிருக்கும்.”

கொஞ்ச நேரத்தில் வளைவைத் திரும்பி அது வந்தது. முன்னால் நுரை. நுரைக்கு முன்னால் குச்சியும் சருகும். செம்பழுப்பாக, கணுக்கால் ஆழத்தில், மணலை நக்கிக்கொண்டு. ஒற்றைச் செருப்பு மட்டும்தான் இல்லை. அதைப் பார்த்ததும் என் உடம்பு என்னைக் கேட்கவே இல்லை. ஒன்பதாயிரம் மைல் தாண்டி வந்து புதுத்தண்ணீரைப் பார்த்துவிட்டேன் என்ற சந்தோஷத்தில் சரிவில் வழுக்கிக்கொண்டே இறங்கிவிட்டேன். குனிந்து இரண்டு கையாலும் அள்ளினேன். கண்ணில் ஒற்றிக்கொண்டேன். பாதி மணலாக இருந்தது. மேலே மகள் “அப்பா” என்று கத்தியது கேட்டது. வந்துவிடுகிறேன் என்று கை காட்டினேன்.

கை காட்டி முடிப்பதற்குள் தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது. எங்கள் வாய்க்காலில் கணுக்காலிலிருந்து முழங்காலுக்கு வர ஒரு பொழுதாகும். காலை எடுக்கப் பார்த்தேன், மணல் காலுக்கடியில் கரைந்து போய்க்கொண்டிருந்தது. ஒரு கல் வந்து முழங்காலில் மோதியது. அப்போதுதான் என் முதுகுப்பையை யாரோ பிடித்து இழுத்தார்கள். மகள். அவள் ஒரு காலைச் சரிவிலும் ஒரு காலைத் தண்ணீரிலும் வைத்திருந்தாள். தண்ணீர் அவள் இடுப்புக்கு ஏறிக்கொண்டிருந்தது. அவளுடைய இன்னொரு கையை, சரிவில் பாதி இறங்கி வந்த மனைவி பிடித்திருந்தாள், பாறையில் குப்புறப் படுத்துக்கொண்டு. எப்படி ஏறினேன் என்று எனக்குத் தெரியாது. இழுத்தார்கள், நானும் தவழ்ந்தேன், ஒரு ஷூ போய்விட்டது.

தட்டில் விழுந்து திரும்பிப் பார்த்தபோது நான் நின்ற இடத்தில் ஒரு மரம் வேரோடு போய்க்கொண்டிருந்தது. பாறைகள் தண்ணீருக்கடியில் ஒன்றோடொன்று முட்டும் சத்தம் நெஞ்சுக்குள் கேட்டது. சற்று முன்னால் நாங்கள் ஏறி வந்த சரிவின் பாதி தண்ணீருக்குள் இருந்தது.

மூன்று மணி நேரம் அந்தத் தட்டில் உட்கார்ந்திருந்தோம்.  வழக்கமாக நான் ஏதாவது சொல்லித் தப்பித்துக்கொள்வேன். கணுக்கால் தண்ணிதானே இருந்தது, நான் என்ன கண்டேன், ஷூ அகலமாகிவிட்டது, இப்படி. வாய் வரைக்கும் வந்தது.  மகள் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சின்ன வயதில் பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும்போதும் அப்படித்தான் உட்காருவாள்.

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். தண்ணீரைப் பார்த்துக்கொண்டே ஒன்றுதான் கேட்டாள்.

“நீங்க எறங்குனா நானும் எறங்கித்தானப்பா ஆகணும். அது உங்களுக்குத் தோணவே இல்லையா?”

தோணவில்லை. அதுதான் உண்மை. எதிர்த்துப் பேசுவது எனக்கும் அவளுக்கும் நடுவில் உள்ள ஒரு விளையாட்டு என்று இத்தனை வருடமாக நினைத்திருந்தேன். யார் ஜெயித்தாலும் கடைசியில் சோறு ஆறிப்போகும், அவ்வளவுதான் நஷ்டம். அந்த விளையாட்டில் என் பெண்ணை நான் இடுப்பளவு தண்ணீரில் நிறுத்திவிட்டேன். எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயம் அதிகமாக இருந்தது, எல்லாம் முடிந்த பிறகு வருகிற பயம். “தப்புத்தாம்மா” என்றேன். அவள் தலையை ஆட்டினாள், ஆனால் என் பக்கம் திரும்பவில்லை.

மனைவி பையைத் திறந்து நார்த்தங்காயை எடுத்து ஆளுக்கொரு துண்டு கொடுத்தாள். எனக்கு மட்டும் சின்னத் துண்டு. வாங்கிச் சப்பிக்கொண்டிருந்தேன்.

வெயில் எதிர்ச் சுவருக்கு மாறியது. சத்தம் குறைந்தது. தண்ணீர் வந்த வேகத்திலேயே வடியவும் ஆரம்பித்தது. சுவரில் ஈரக் கோடு ஒன்று தெரிந்தது, பிறகு அதற்குக் கீழே தண்ணீர் ஒரு சாண் இறங்கியிருந்தது, பிறகு இரண்டு முழம். நுரை ஓரத்தில் ஒதுங்கிவிட்டது. நடுவில் ஒரு கல்லின் தலை வெளியே வந்தது. கடைசியில் கணுக்கால் ஆழத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது. மகள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மூன்று மணி நேரத்தில் முதல் தடவையாக அவள் குரல் இளகியிருந்தது. பாவம் அப்பா என்று தோன்றியிருக்க வேண்டும்.

“அப்பா, தண்ணி வடிஞ்சிடுச்சா பாருங்க. எறங்கலாமா? உங்களுக்கு இதெல்லாம் தெரியும்ல.”

எட்டிப் பார்த்தேன். எங்கள் வாய்க்காலாக இருந்தால் ஈரக் கோட்டைப் பார்த்தே எத்தனை மணிக்கு எந்த வயலில் கால் வைக்கலாம் என்று சொல்லிவிடுவேன். ஊரில் அதற்காகத்தான் என்னைத் தேடி வருவார்கள். இங்கே அந்தப் பழுப்புத் தண்ணீரை எவ்வளவு நேரம் பார்த்தும் ஒன்றும் பிடிபடவில்லை. மேலே எங்கேயோ இன்னொரு மழை பெய்திருக்கலாம், பெய்யாமலும் இருக்கலாம்.

“தெரியலம்மா. நீ சொல்லு” என்றேன்.

அவள் என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள், கிண்டல் செய்கிறேனோ என்று. பிறகு தட்டின் விளிம்பில் மண்டியிட்டு, தண்ணீர் வந்த வளைவையும் அதற்கு மேலே தெரிந்த வானத்தையும் நிதானமாகப் பார்த்தாள். காது கொடுத்துக் கேட்டாள்.

“இன்னும் அரைமணி நேரம் ஆகட்டும்.”

“சரிம்மா.”

நார்த்தங்காய் டப்பாவை மூடிக்கொண்டிருந்த மனைவி கையை நிறுத்தினாள்.

“என்ன சொன்னீங்க?”

“சரின்னு சொன்னேன்.”

மகள் விளிம்பிலிருந்து எழுந்து வந்து, என் பக்கத்தில் கிடந்த பையைத் தள்ளி வைத்துவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்தாள்.